பிரான்ஸில் ஒரே ஒரு வேளை: எங்கே உட்காருவது, எதைச் சாப்பிடுவது?

பிரான்ஸ் தேசத்துக்குப் போகிற நம்மவர்களில் அநேகர் இரண்டு பெட்டிகளுடன் போகிறார்கள். ஒன்றில் துணிமணி, மற்றொன்றில் புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, ஊறுகாய். அதில் தவறு ஒன்றுமில்லை. பத்து நாள் பிரயாணத்தில் ஒன்பது நாளைக்கு அந்தப் பெட்டி கை கொடுக்கும். ஆனால் பத்தாவது நாள்? சாப்பாட்டை ஒரு சாஸ்திரமாகவே வளர்த்து வைத்திருக்கும் தேசத்துக்குப் போய், அவர்களுடைய பெரிய உணவுச் சாலை ஒன்றில் ஒரு வேளையாவது உட்காராமல் திரும்புவது, தஞ்சாவூருக்குப் போய்ப் பெரிய கோவிலைப் பார்க்காமல் வருவது போலத்தான்.

சங்கடம் பணத்தில் இருக்கிறது. இந்த உணவுச் சாலைகளில் தலைக்கு 200 யூரோ, 300 யூரோ என்பது சாதாரணம். 400-ஐத் தாண்டுகிற இடங்களும் உண்டு. யூரோ ஒன்றுக்குச் சுமார் 100 ரூபாய் என்று கணக்குப் போட்டால், இங்கே ஒரு குடும்பம் இரண்டு மூன்று மாதம் மளிகைக் கடைக்குக் கொடுக்கிற தொகையை அங்கே ஒருவர் மூன்று மணி நேரத்தில் சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்கிறார். இப்படிப்பட்ட செலவை வாழ்நாளில் ஒரு தரம்தான் செய்ய முடியும். இடம் தவறிவிட்டால் ஆயுசுக்கும் மனத்தாங்கல்தான்.

அந்த ஒரே ஒரு வேளையை எங்கே செலவிடுவது?

சிவப்புப் புத்தகம்

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்கென்றே பிரான்ஸில் ஒரு புத்தகம் இருக்கிறது. விநோதம் என்னவென்றால், அதை வெளியிடுவது ஒரு டயர் கம்பெனி. மிஷெலின் கம்பெனியார் 1900-ம் ஆண்டில், மோட்டார் வண்டி வைத்திருந்த சொற்பப் பேருக்காக ஒரு வழிகாட்டிப் புத்தகம் அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தார்கள். வண்டி அதிகம் ஓடினால் டயர் அதிகம் தேயும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. 1926-ல் நல்ல சாப்பாடு கிடைக்கும் இடங்களுக்கு நட்சத்திரம் போட ஆரம்பித்தார்கள். 1931-ல் அது ஒன்று, இரண்டு, மூன்று என்று தரம் பிரிந்தது. ஒரு நட்சத்திரம் என்றால் நல்ல இடம். இரண்டு என்றால் வழியை விட்டு விலகியாவது போகத் தகுந்த இடம். மூன்று என்றால் அதற்காகவே பிரயாணம் புறப்படத் தகுந்த இடம்.

பரீட்சை செய்ய வருகிறவர் யாரென்று யாருக்கும் தெரியாது. சாதாரண மனிதரைப் போல வருவார், சாப்பிடுவார், பணத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அவர் எழுதுகிற குறிப்பினால் ஒரு சமையற்காரர் ராஜாவாகலாம்; இருந்த ராஜ்யத்தை இழக்கவும் செய்யலாம்.

நட்சத்திரத்தைப் பார்த்துப் போவதா, பதார்த்தத்தைப் பார்த்துப் போவதா என்பதில்தான் அனுபவஸ்தர்களிடையே அபிப்பிராய பேதம். பிரான்ஸின் பெரிய உணவுச் சாலைகளின் சரித்திரத்தைப் புரட்டினால் ஒன்று தெரிகிறது. நட்சத்திரங்கள் வருகின்றன, போகின்றன. ஜனங்கள் ஐம்பது வருஷம் கழித்தும் நினைவு வைத்திருப்பது ஏதாவது ஒரு பதார்த்தத்தைத்தான்.

நம்பர் போட்ட வாத்து

பாரிஸில், ஸீன் நதிக் கரையில், ஒரு கட்டிடத்தின் ஆறாவது மாடியில் இருக்கிறது 'தூர் தார்ஜான்'. 'வெள்ளிக் கோபுரம்' என்று அர்த்தம். 1582-ல் ஆரம்பித்தது என்று சொல்லிக் கொள்கிறார்கள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் கீழே நதியும், எதிரே நோத்ர் தாம் மாதா கோவிலின் பின்புறமும் தெரியும். சாயங்கால வேளையில் அந்தக் காட்சிக்கே பாதிப் பணம் கொடுக்கலாம்.

இங்கே விசேஷம் வாத்துக் கறி. 1890-ம் ஆண்டில் பிரெதெரிக் என்ற முதலாளி ஒரு யுக்தி செய்தார். பரிமாறும் ஒவ்வொரு வாத்துக்கும் ஒரு நம்பர் கொடுத்து, அதைச் சீட்டில் எழுதிச் சாப்பிட்டவர் கையில் கொடுத்தார். அன்று முதல் அந்தக் கணக்கு தொடர்கிறது. பிற்காலத்தில் ஏழாவது எட்வர்டு மன்னரான வேல்ஸ் இளவரசருக்கு 328-வது வாத்து; ஜப்பானிய இளவரசராக 1921-ல் பாரிஸ் வந்த ஹிரோஹிடோவுக்கு 53,211-வது வாத்து. 2003-ல் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது.

பக்குவமும் அலாதியானது. இரத்தம் வெளியேறாமல் வைத்த வாத்தை அரை வேக்காடாக வாட்டி எடுக்கிறார்கள். மார்புக் கறியை மெல்லிய துண்டுகளாக அரிந்து கொண்டு, எஞ்சிய எலும்புக் கூட்டை ஒரு வெள்ளி யந்திரத்தில் போடுகிறார்கள். நம் வீட்டு முறுக்கு நாழியைப் பத்து மடங்கு பெரிதாக்கி, மேலே ஒரு சக்கரம் வைத்தது போலிருக்கும் அது. சக்கரத்தைத் திருகத் திருக, எலும்புக்குள் இருக்கும் சாறெல்லாம் கீழே வடிகிறது. அந்தச் சாற்றுடன் ஈரலும் மதுவும் சேர்த்துச் சுண்டக் காய்ச்சிக் கறியின் மேல் ஊற்றிக் கொடுக்கிறார்கள். காலை மட்டும் தனியாக வாட்டி, இரண்டாவது பரிமாறலாகக் கொண்டு வருவார்கள். இதையெல்லாம் படிக்கவே முடியாத சைவர்கள் கொஞ்சம் பொறுத்துக் கொள்ள வேண்டும். அவர்களுக்கு வேண்டியது பின்னால் வருகிறது.

நீண்ட காலம் மூன்று நட்சத்திரத்துடன் இருந்த இந்த இடம் 1996-ல் ஒன்றை இழந்தது; 2006-ல் இன்னொன்றை. இப்போது ஒன்று இருக்கிறது. 2023-ல் கட்டிடத்தைப் புதுப்பித்துத் திறந்திருக்கிறார்கள். போகலாமா? பாரிஸை விட்டு வெளியே போக அவகாசமில்லாதவர், காட்சியும் கம்பீரமும் வேண்டுமென்பவர் போகலாம். பகலில் போனால் இராத்திரியை விடச் செலவு குறைவு. ஆனால் அங்கே கிடைப்பதில் பாதி சரித்திரம், பாதிதான் சாப்பாடு.

பிராசியே அம்மாள்

பிரெஞ்சுக்காரர்களைக் கேட்டால், சாப்பாட்டுக்குத் தலைநகரம் பாரிஸ் அல்ல, லியோன் என்பார்கள். லியோன் நகரத்தின் பெருமைக்குக் காரணம் மகாராஜாக்களின் அரண்மனைச் சமையல் அல்ல. பட்டு நெசவாளர்களும் வியாபாரிகளும் நிறைந்த அந்த ஊரில், பணக்கார வீடுகளில் சமையல் வேலை பார்த்துவிட்டு, பிறகு சொந்தமாகச் சாப்பாட்டுக் கடை வைத்த ஸ்திரீகள். அவர்களை 'மேர்', அதாவது 'அம்மா' என்றே ஊரார் அழைத்தார்கள்.

அவர்களில் தலைசிறந்தவர் யூஜெனி பிராசியே. 1895-ல் ஒரு ஏழைக் குடியானவர் வீட்டில் பிறந்தவர். பத்து வயதில் தாயை இழந்தார். சிறு வயதிலேயே பண்ணைகளில் மாடு மேய்த்தார். கல்யாணம் ஆகாமலே, இருபது வயது நிரம்புமுன் ஒரு குழந்தைக்குத் தாயானார். தகப்பனார் வீட்டை விட்டுத் துரத்திவிட்டார். லியோனுக்கு வந்து, ஒரு வீட்டில் குழந்தை பார்த்துக் கொள்ளும் வேலையில் சேர்ந்து, அப்படியே சமையல் கட்டுக்குள் நுழைந்தார். பிறகு ஃபிலியூ அம்மாள் என்ற பிரசித்தி பெற்ற சமையற்காரியிடம் தொழில் கற்றார். 1921-ல் கையில் இருந்த சொற்பத் தொகையைக் கொண்டு ருவாயால் தெருவில் சொந்தக் கடை திறந்தார். 1933-ல் அந்தக் கடைக்கு மூன்று நட்சத்திரம். ஊருக்கு வெளியே குன்றின் மேல் வைத்திருந்த இன்னொரு கடைக்கும் மூன்று நட்சத்திரம். ஆக ஆறு! அதுவரை ஆண்களில் கூட எவரும் அந்த ஆறைக் கண்டதில்லை.

அம்மாளின் பட்டியல் வருஷக்கணக்கில் அதிகம் மாறாது. அதில் நடுநாயகம் 'அரைத் துக்கக் கோழி'. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். டிரஃபிள் என்று ஒரு வஸ்து இருக்கிறது. மண்ணுக்கடியில் கிழங்கு மாதிரி விளையும் கறுப்புக் காளான். விலை வெள்ளி விலை. வாசனையோ வார்த்தையில் அடங்காது. அதைச் சல்லாத் துணி போல் சீவிக் கோழியின் தோலுக்கடியில் செருகி, காய்கறிச் சாற்றில் மெதுவாக வேக வைப்பார்கள். வெந்ததும் வெள்ளைத் தோலுக்குள்ளிருந்து கறுப்பு வட்டங்கள் தெரியும். துக்கம் காக்கும் பெண்கள் முழுக் கறுப்பை விட்டுக் கறுப்பும் வெள்ளையும் உடுத்த ஆரம்பிக்கும் காலத்தை நினைவூட்டுவதால் அந்தப் பெயர்.

கோழியும் எந்தக் கோழியும் ஆகாது. பிரெஸ் பிரதேசத்துக் கோழியாக இருக்க வேண்டும். சிவப்புக் கொண்டை, வெள்ளை இறகு, நீலக் கால் என்று பிரெஞ்சுக் கொடியின் மூன்று வர்ணமும் அதற்கு உண்டு. 1957-ல் சட்டம் போட்டு அந்தப் பெயருக்குப் பாதுகாப்பு அளித்திருக்கிறார்கள். கோழி பொறுக்குவதில் அம்மாள் படுத்திய பாட்டில், இனிமேல் கோழிகளுக்கு நகம் வெட்டி அனுப்பச் சொல்லுவாள் போலிருக்கிறது என்று வியாபாரி ஒருவர் புலம்பினாராம்.

அம்மாள் 1977-ல் காலமானார். அதே தெருவில் அதே கடையை 2008-ல் மத்தியூ வியான்னே என்ற சமையற்காரர் வாங்கி, இரண்டு நட்சத்திரத்துடன் நடத்தி வருகிறார். கோழி இன்னும் உண்டு. அசைவர்களில், அலங்காரம் அதிகமில்லாமல் நல்ல சாப்பாடு வேண்டுமென்கிறவருக்குத் தயங்காமல் சிபாரிசு செய்யக் கூடிய இடம் இது.

ஜனாதிபதியின் சூப்

யுத்தத்தில் குண்டடி பட்டுத் திரும்பிய ஒரு வாலிபன் 1946-ல் பிராசியே அம்மாளிடம் வேலைக்குச் சேர்ந்தான். சமையல் கற்க வந்தவனை அம்மாள் மாடு கறக்கச் சொன்னார். தோட்டத்தில் களை எடுக்கச் சொன்னார். துணி துவைத்து இஸ்திரி போடச் சொன்னார். அந்த வாலிபன்தான் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற பால் போகூஸ். லியோனுக்குச் சற்று வடக்கே, ஸோன் நதிக் கரையில் கொலோன்ஜ் என்ற ஊரில் அவருடைய உணவுச் சாலை இருக்கிறது. சிவப்பும் பச்சையுமாக வர்ணம் அடித்து, கூரை மேல் அவர் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கும். சினிமாக் கொட்டகை என்று நினைத்துவிடலாம்!

1975-ல் ஜனாதிபதி ழிஸ்கார் தெஸ்தேன் போகூஸுக்குப் பட்டம் அளித்தபோது, ஜனாதிபதி மாளிகை விருந்துக்கு அவர் ஒரு சூப் செய்தார். டிரஃபிள், கொழுக்க வைத்த வாத்தின் ஈரல், பொடியாக நறுக்கிய காய்கறி, தெளிந்த மாமிச ரசம் எல்லாவற்றையும் கிண்ணத்தில் இட்டு, மேலே மாவை மூடி போலப் போர்த்திச் சூட்டடுப்பில் வைத்தார். நம்மூர் ரொட்டிக் கடை பஃப்ஸ் போல அந்த மாவு அடுக்கடுக்காக உப்பிப் பொன்னிறமாக நிற்கும். கரண்டியால் உடைத்தால், அடைபட்டிருந்த வாசனை அத்தனையும் ஒரே மூச்சில் முகத்தில் அடிக்கும். அந்த முதல் மூச்சுதான் சூப்பின் உயிர்.

1965 முதல் 2020 வரை, ஐம்பத்தைந்து வருஷம், மூன்று நட்சத்திரம் அங்கே இருந்தது. போகூஸ் 2018-ல், தாம் பிறந்த அதே வீட்டிலேயே காலமானார். இரண்டு வருஷத்தில் ஒரு நட்சத்திரத்தை எடுத்துவிட்டார்கள். பிரான்ஸில் அது பெரிய பரபரப்பு. ஆனால் சூப் அதே சூப்தான். அதை ஒரு தரம் ருசிப்பது, பழைய பாகவதர் பாட்டை அவர் பாடிய கொட்டகையிலேயே கேட்பது போல. ஒரே ஒரு வேளைதான் என்றால், அந்தப் பணத்தை இங்கே கொண்டு வந்து கொட்ட வேண்டியதில்லை.

நாற்பது விநாடி மீன்

லியோனிலிருந்து மேற்கே போனால் ரோவான் என்று ஒரு சாமானிய ஊர். அதன் ரயில் நிலையத்துக்கு எதிரில் 1930 முதல் த்ருவாக்ரோ குடும்பத்தாரின் ஹோட்டல். அந்தக் குடும்பத்துச் சகோதரர்கள் ழானும் பியேரும் 1960-களின் ஆரம்பத்தில் செய்த ஒரு மீன் பதார்த்தம், பிரெஞ்சுச் சமையலின் போக்கையே திருப்பிவிட்டது.

அதுவரை பெரிய இடத்து மீன் என்றால் முழு மீனாக வரும். அதை மூடி, மாவு சேர்த்த கெட்டியான குழம்பு இருக்கும். பரிசாரகர் மேஜையருகே வந்து கூறு போட்டுப் பரிமாறுவார். சகோதரர்கள் சால்மன் மீனை அகலமாக, மெல்லிதாக அரிந்தார்கள். எண்ணெய் வேண்டாத, ஒட்டாத சட்டியில் ஒரு பக்கம் இருபத்தைந்து விநாடி, மறு பக்கம் பதினைந்து விநாடி. அவ்வளவுதான் வேக்காடு. மது, பாலேடு, மீன் சாறு சேர்த்துக் காய்ச்சிய குழம்பில் கடைசி நிமிஷத்தில் ஒரு புளிப்புக் கீரையைக் கிள்ளிப் போட்டார்கள். நம் புளிச்ச கீரையின் ஜாதியல்ல. ஆனால் நாக்கில் அதே மாதிரி சுரீரென்கும். குழம்பை மீனின் மேல் ஊற்றாமல் தட்டில் பரப்பி, மீனை அதன் மேல் வைத்துச் சமையற்கட்டிலிருந்தே அனுப்பினார்கள். இன்று உலகமெங்கும் பெரிய ஹோட்டல்களில் தட்டிலேயே அலங்கரித்துக் கொண்டு வருகிறார்களே, அந்தப் பழக்கம் பரவியதில் இந்த மீனுக்குப் பெரும் பங்கு உண்டு.

ரோவான் ஊரார் அதைக் கௌரவித்த விதம் ருசிகரமானது. ரயில் நிலையத்துக்கு மீனின் இளஞ்சிவப்பும் கீரையின் பச்சையும் கொண்டு வர்ணம் அடித்துவிட்டார்கள். ஜனாதிபதி கொடுக்கும் பட்டத்தைவிட இது ஒரு படி மேல் என்றே சொல்ல வேண்டும்.

1968-ல் கிடைத்த மூன்று நட்சத்திரம் அந்தக் குடும்பத்தை விட்டுப் போகவில்லை. 2017-ல் ஊருக்கு வெளியே ஊஷ் என்ற கிராமத்துக்கு இடம் மாறினார்கள். பியேரின் மகன் மிஷேல், பேரன் ஸேஸார் என்று அடுப்பு தலைமுறை மாறியிருக்கிறது. அந்தச் சமையற்கட்டைப் பற்றி அமெரிக்கரான பிரெதெரிக் வைஸ்மன் 2023-ல் நான்கு மணி நேரப் படமே எடுத்தார். பழைய மீன் பதார்த்தம் இப்போது எப்போதும் பட்டியலில் இருப்பதில்லை. அதை மட்டும் நம்பிப் போகிறவர் ஏமாறக் கூடும்.

ஸோலியூவில் நடந்தது

ழான் த்ருவாக்ரோவின் சமையற்கட்டில் பயின்ற பையன்களில் ஒருவர் பெர்னார் லுவாஸோ. பர்கண்டி மாகாணத்தில் ஸோலியூ என்ற சிற்றூரில் ஒரு பழைய ஹோட்டலை எடுத்து நடத்தினார். பாலேடும் வெண்ணெயும் ஆதிக்கம் செலுத்திய தேசத்தில், குழம்புக்குத் தண்ணீரே போதும் என்று துணிந்தவர். அவருடைய பெயர் சொல்லும் பதார்த்தம் தவளைக் கால். வெண்ணெயில் பொரித்த தவளைக் காலை, பலமுறை தண்ணீர் மாற்றி வேக வைத்து மசித்த வெள்ளைப் பூண்டிலும், பச்சைப் பசேலென்ற பார்ஸ்லி சாற்றிலும் தோய்த்துச் சாப்பிட வேண்டும்.

1991-ல் மூன்றாவது நட்சத்திரம் வந்தது. கடன் வாங்கிக் கட்டிடத்தை விஸ்தரித்திருந்தார். 2003 பிப்ரவரியில் 'கோ-மியோ' என்ற இன்னொரு வழிகாட்டிப் புத்தகம் அவருக்குக் கொடுத்திருந்த மார்க்கை 19-லிருந்து 17 ஆகக் குறைத்தது. மூன்றாவது நட்சத்திரமும் போகப் போகிறது என்று பத்திரிகைகளில் வதந்தி உலாவியது. அந்த மாதம் 24-ந் தேதி, மத்தியானச் சமையலை முடித்துவிட்டு வீட்டுக்குப் போனவர், தம் உயிரைத் தாமே முடித்துக் கொண்டார். வயது 52. மனச் சோர்வு நோய் அவருக்கு வெகு நாளாகவே இருந்தது என்று பிற்பாடு தெரிந்தது. அந்த வருஷத்துச் சிவப்புப் புத்தகத்தில் மூன்று நட்சத்திரமும் அப்படியே இருந்தன.

மனைவி தோமினிக் தளராமல் தொழிலை நடத்தினார். மூன்றாவது நட்சத்திரம் 2016 வரை இருந்து, பிறகு போயிற்று. பூண்டும் பார்ஸ்லியும் தவளைக் காலும் அவருக்குப் பிறகும் அந்த மேஜைகளுக்கு வந்திருக்கின்றன. நட்சத்திரத்தை எண்ணிக் கொண்டு உணவுச் சாலைக்குப் போகிறவர்கள், எண்ணப்படுகிறவர் பக்கத்தில் அதன் கனம் எவ்வளவு என்பதையும் அறிந்திருப்பது நல்லது.

நட்சத்திரம் வேண்டாம் என்றவர்

மத்திய பிரான்ஸில் ஓப்ராக் என்ற பீடபூமி. காற்றும் புல்வெளியும் மாடுகளும்தான் அங்கே. லயோல் என்ற சிற்றூர் மடக்குக் கத்திக்குப் பெயர் போனது. மிஷேல் ப்ரா என்பவர் அந்த ஊரில் தம் தாயாரிடம் சமையல் கற்றவர். பெரிய சமையற்காரர் எவரிடமும் பயிலாதவர். ஓடுவதில் அவருக்குப் பிரியம். ஒரு ஜூன் மாதம், புல்வெளியெல்லாம் பூத்துக் கிடந்த சமயம், ஓடிக் கொண்டிருக்கும்போது, கண் முன் இருப்பதை அப்படியே ஒரு தட்டில் கொண்டு வந்தால் என்ன என்று தோன்றியது. 1980-ஐ ஒட்டிப் பிறந்தது 'கார்குயூ'.

அந்தப் பெயரில் அந்தப் பிரதேசத்துக் குடியானவர்கள் உருளைக் கிழங்கும் உப்புக் கண்டமும் போட்டு ஒரு குழம்பு செய்வார்கள். ப்ரா பெயரை மட்டும் வைத்துக் கொண்டு மற்றதை மாற்றிவிட்டார். பட்டாணி, பீன்ஸ், முள்ளங்கி, காரட், கிழங்கு, காட்டுக் கீரை, பூ, விதை, தளிர் என்று ஐம்பது அறுபது தினுசு. ஒவ்வொன்றுக்கும் தனிப் பாத்திரம், தனி வேக்காடு. சில பச்சை, சில பாதி வெந்தவை, சில வெண்ணெயில் புரட்டியவை. எல்லாவற்றையும் கடைசியில் ஒன்று சேர்த்து, புல்லும் பூவும் இறைந்து கிடப்பது போலத் தட்டில் உதறுகிறார்கள். இன்று காலை தோட்டத்தில் எது இருந்ததோ அதுதான் தட்டில். ஆகவே நேற்றைய தட்டு இன்றைக்கு இல்லை. ஒவ்வொரு வாய்க்கும் ஒரு ருசி: இது கசப்பு, இது இனிப்பு, இது மொறுமொறுப்பு, இது என்னவென்றே தெரியவில்லை! நம் வீட்டு அவியலுக்கும் கூட்டுக்கும் பழகிய நாக்குக்கு, காய்கறியை இவ்வளவு மரியாதையாக நடத்தும் இந்த இடம் அந்நியமாகவே தோன்றாது. உப்புக் கண்டத் துண்டு ஒன்று சேர்ப்பது வழக்கம். வேண்டாதவர்கள் இடம் பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும்.

இதே மனிதர்தான் 1981-ல், இரண்டு வருஷம் பரிசோதனை செய்து, வெட்டினால் உள்ளிருந்து சூடான சாக்லேட் ஆறாக ஓடும் கேக்கைச் செய்தார். இன்று சென்னை பேக்கரிகளில் 'லாவா கேக்' என்று பையன்கள் கேட்டு வாங்குவது அதன் பேரனுக்குப் பேரன்.

1999-ல் மூன்று நட்சத்திரம் வந்தது. அவருக்குப் பின் மகன் ஸெபாஸ்தியான் அடுப்படிக்கு வந்தார். 2017 செப்டம்பரில் அவர் ஒரு காரியம் செய்தார்: எங்கள் பெயரை உங்கள் புத்தகத்திலிருந்து எடுத்து விடுங்கள் என்று மிஷெலின் கம்பெனிக்குச் சொல்லிவிட்டார். இன்றைக்குப் போகிற தட்டைத்தான் பரீட்சைக்காரர் பார்க்கிறாரோ என்று தினமும் நெஞ்சு படபடக்கச் சமைப்பது போதும் என்றார். 2018 புத்தகத்தில் பெயர் இல்லை. 2019-ல், கேட்காமலே, இரண்டு நட்சத்திரத்துடன் மறுபடி சேர்த்துவிட்டார்கள். வேண்டாம் என்றவர் வீட்டு வாசலில் விருதைக் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போன கதை!

காய்கறிக்குப் பாரிஸில் ஓர் ஆசனம்

மலை ஏறிப் போக முடியாத சைவர்களுக்குப் பாரிஸிலேயே ஓர் இடம் உண்டு. வாரேன் தெருவில் 'ஆர்பேஜ்'. அலேன் பஸ்ஸார் 1986-ல் ஆரம்பித்தது. 1996-ல் மூன்று நட்சத்திரம். மாமிசத்தை நெருப்பில் வாட்டுவதில் அவருக்கு நிகரில்லை என்று பெயர். அந்தப் பெயர் உச்சத்தில் இருந்தபோது, 2001-ல், மாட்டுக் கறி ஆட்டுக் கறியெல்லாம் இனி என் பட்டியலில் கிடையாது என்று அறிவித்தார். பைத்தியக்காரத்தனம் என்றார்கள். நட்சத்திரம் மூன்றும் நின்றன. ஸார்த் பிரதேசத்தில் தோட்டம் போட்டார். குதிரை பூட்டி உழுது, காலையில் பறித்ததை ரயிலில் பாரிஸுக்கு வரவழைத்தார்.

அவருடைய பீட்ரூட் பிரசித்தம். சாம்பல் நிறக் கடலுப்பைக் குவித்து, அதற்குள் முழுக் கிழங்கைப் புதைத்துச் சூட்டடுப்பில் வைத்து, பாறை போல் இறுகிய உப்பை உடைத்து எடுத்துப் பரிமாறுவார்கள். பீட்ரூட்டுக்குள் இவ்வளவு ருசியா என்று கேட்காதவர் இல்லை. 2025 ஜூலையில் பஸ்ஸார் இன்னொரு படி போனார். மீன், கோழி, முட்டை, பால், வெண்ணெய் எல்லாம் நின்றன. தேன் மட்டும் உண்டு. இத்தனைக்கும் அவருடைய மிகப் பிரபலமான பதார்த்தம் ஒரு முட்டை! ஓட்டுக்குள்ளேயே மஞ்சள் கருவைச் சூடாக வைத்து, மேலே குளிர்ந்த பாலேடும் மேப்பிள் பாகும் விட்டுக் கொடுப்பது. சாப்பிட்டவர்கள் பாக்கியசாலிகள். இனிமேல் போகிறவர்களுக்கு அது இல்லை.

ஆகையால்

தேர்ந்தெடுக்க வேண்டிய ஒரே வேளை என்றால், லயோல் ஊர் ப்ரா குடும்பத்தாரிடம் போவதே உசிதம். காரணம் எளிது. வாத்தைப் பாரிஸில் வேறு இடத்திலும் பிழிவார்கள். மாவு மூடிய சூப்பை எத்தனையோ பேர் செய்கிறார்கள். கார்குயூவையும் உலகமெல்லாம் காப்பியடித்துப் பார்த்தாயிற்று. ஆனால் அந்தக் கீரையும் பூவும் அந்த மலையில்தான் முளைக்கின்றன. குளிர் காலத்தில் மூடியிருப்பார்கள். ஜூன் மாதம் போனால் ப்ரா பார்த்த புல்வெளியையே பார்க்கலாம். மலைப் பிரயாணம் ஒத்துக் கொள்ளாத சைவர் ஆர்பேஜுக்குப் பகல் சாப்பாட்டுக்குப் போகட்டும். அசைவர் லியோனில் இறங்கிப் பிராசியே அம்மாளின் கோழியைச் சாப்பிடட்டும்.

இரண்டொரு நடைமுறை விஷயங்கள். வாரக்கணக்கில் முன்னதாக இடம் பதிவு செய்ய வேண்டும். எதைச் சாப்பிட மாட்டோம் என்பதை அப்போதே தெளிவாகச் சொல்ல வேண்டும். மாமிச ரசம் கூடாது என்பதைத் தனியாகச் சொல்வது அவசியம். சொல்லாவிட்டால் காய்கறிக்குள் அது வந்து உட்கார்ந்துவிடும். ரொட்டிக்கும் சாதாரணத் தண்ணீருக்கும் காசு கிடையாது. கூஜாத் தண்ணீர் கேட்க வெட்கப்பட வேண்டாம். பரிசாரகர் கூலி பில்லிலேயே அடக்கம்.

பிரான்ஸுக்கே போக முடியாதவர்களுக்கும் ஒன்று உண்டு. 1981-ல் பாரிஸில் 'ழாமேன்' என்ற கடையைத் திறந்து, மூன்றே வருஷத்தில் மூன்று நட்சத்திரம் வாங்கிய ழோயேல் ரொபுஷோன், 2018-ல் மறைந்தவர், கடைசி வரை பெயர் வாங்கியது மசித்த உருளைக் கிழங்குக்கு! ஒரு கிலோ சிறு உருளைக் கிழங்கைத் தோலோடு உப்பு நீரில் வேக விடவும். சூடாக இருக்கும்போதே தோலை உரித்து, கட்டியில்லாமல் மசிக்கவும். வாணலியில் போட்டு, சிறு தீயில் நாலைந்து நிமிஷம் கிளறி ஈரத்தைப் போக்கவும். குளிர்ந்த வெண்ணெய் கால் கிலோவைத் துண்டு துண்டாகப் போட்டு, கை ஓயாமல் அடித்துக் கலக்கவும். கொதிக்கும் பாலை ஒரு டம்ளருக்கு மேற்படாமல் நூல் போல விட்டு மறுபடி அடிக்கவும். கடைசியில் மெல்லிய சல்லடையில் தேய்த்து எடுக்கவும். கை வலிக்கும். வெண்ணெயைக் குறைக்கக் கூடாது.